பவர் ஸ்டியரிங் ஆயிலும் கருவிகளும்: வீட்டில் மாற்றுகிறவர்கள் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

குவாலிஸ், 2005இல் வந்த முதல் இன்னோவா, ஸ்கார்ப்பியோ, பொலேரோ, டவேரா, பழைய சஃபாரி. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வைத்த இந்த வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் சின்னதாக ஓர் ஆயில் டேங்க் இருக்கும். அதிலுள்ள ஆயிலை மாற்றி, ஏர் எடுத்து (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி) முடிக்க ஒரு காலைப்பொழுது போதும். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே கிடையாது. அதில் ஆயிலும் இல்லை, டேங்கும் இல்லை.

இந்த வேலைக்கென்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கிற பொருட்களை இங்கே ஒவ்வொன்றாக மதிப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான ரக ஆயில் 2 லிட்டர், ஒரு பெரிய சிரிஞ்ச், ஒன்றரை மீட்டர் தெளிவான டியூப், வண்டியைத் தூக்கி நிறுத்த உறுதியான இரண்டு ஸ்டாண்ட். பத்தில் ஒன்பது வண்டிகளுக்கு இதுவே போதும். கையால் இயக்கும் வாக்குவம் பம்பு ஒரு சில வண்டிகளுக்கு மட்டும் தேவைப்படும். லீக்கை நிறுத்தும் மருந்து என்று விற்கிற பாட்டிலை வாங்க வேண்டாம்.

ஆயில்தான் முக்கியமான செலவு, தவறு நடப்பதும் அங்கேதான். கடையில் போய் "பவர் ஸ்டியரிங் ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் சிவப்பு ஆயில் ஒரு டப்பா வரும். சிவப்பு என்பது வெறும் சாயம், தரத்தைச் சொல்லும் அடையாளம் அல்ல. டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டைப் ஏ, சஃபிக்ஸ் ஏ என்று போட்டிருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸ் 1957இல் கொண்டுவந்த பழைய தரம். லாரி, பஸ், சில பழைய டீசல் வண்டிகளுக்காக இன்றும் தயாராகிறது. அந்த வண்டிகளுக்கு அது சரி. இன்னோவாவின் கையேடு கேட்பதோ அதே கம்பெனியின் பிந்தைய தரமான டெக்ஸ்ரான் 2 அல்லது 3. டைப் ஏ, டெக்ஸ்ரான் இரண்டும் ஒரே நிறம், ஒரே அலமாரி, பல கடைகளில் ஒரே பெயர். ஆகவே கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்லாமல், கையேட்டில் உள்ள தரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

டெக்ஸ்ரான் 3 பற்றி ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. 1993இல் வந்த அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் இருக்கும் எந்த டெக்ஸ்ரான் 3 டப்பாவும் அந்தத் தரத்துக்கு ஈடானது என்று ஆயில் கம்பெனி தன் பொறுப்பில் சொல்வதுதான். அதனால் பெயர் தெரிந்த ஆயில் கம்பெனியின் டப்பாவாக, மூடியின் சீல் வளையம் உடையாததாக, தயாரித்த தேதி தெளிவாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். டிரம்மில் இருந்து அளந்து ஊற்றும் ஆயிலில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த அமைப்பில் என்ஜினுக்கு உள்ளதுபோல் பெரிய ஃபில்டர் கிடையாது. பல வண்டிகளில் டேங்கின் அடியில் ஒரு சிறு வலை மட்டுமே உண்டு.

டெக்ஸ்ரான் 6 புதியதுதானே, அதை ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது மெல்லிய ஆயில். சூடேறிய நிலையில் டெக்ஸ்ரான் 3ஐவிடக் குறைந்த கெட்டித்தன்மை கொண்டது. ஆயிலை அழுத்தித் தள்ளும் ஸ்டியரிங் பம்பு புதிதாக இருந்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பம்பில் உள்ளே சுழலும் தகடுகளும் சுவரும் தேய்ந்திருக்கும். மெல்லிய ஆயில் அந்த இடைவெளியில் உள்ளுக்குள்ளேயே வழிந்து போகும். விளைவு, மே மாத வெயிலில் ஐட்லிங்கில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங் கனக்கும். 3 கேட்கிற வண்டிக்கு 3 தரத்தையே ஊற்றுங்கள்.

ஐரோப்பிய வண்டிகளின் கதை வேறு. முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் பச்சை நிற ஆயில் இருக்கும். அதற்குப் பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் வகை. இது செயற்கை ஆயில், மைனஸ் 40 டிகிரி குளிரிலும் உறையாமல் ஓடுவதற்காக வடிவமைத்தது. டெக்ஸ்ரான் 3இன் விலையைப்போல் பல மடங்கு இருக்கும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லையே என்று சிவப்பு ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. சீல்கள் எந்த ஆயிலுக்குப் பொருத்தமாகச் செய்யப்பட்டவையோ அதைத்தான் தாங்கும். பிஎம்டபிள்யூவில் சில மாடல்களுக்கு ஏடிஎஃப் (டெக்ஸ்ரான் மாதிரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு சிஎச்எஃப். டேங்கின் மூடியிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். ஹோண்டா அக்கார்டு, பழைய சிஆர்-வி ஆகியவற்றுக்கு ஹோண்டாவின் சொந்த பிஎஸ்எஃப் (பவர் ஸ்டியரிங் ஃப்ளூயிட்) மட்டுமே. ஏடிஎஃப் ஊற்றினால் அமைப்பு கெடும் என்று அந்தக் கம்பெனியே எச்சரிக்கிறது. ஹூண்டாயில் சில மாடல்களுக்கு பிஎஸ்எஃப்-3, சிலவற்றுக்கு பிஎஸ்எஃப்-4. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக் கூடாது.

அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் வேண்டாம். டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகை. பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலுக்கானவை. கலந்துவிட்டால் சீல் உப்பி, மென்மையாகி, கடைசியில் பம்பு, ஹோஸ், ராக் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) மூன்றையும் பார்க்க வேண்டியதாகிவிடும். இரண்டு டேங்கும் பானெட்டுக்குள் அருகருகே இருக்கிற வண்டிகளில் மூடியைத் திறக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது? இந்த வகை வண்டிகளில் மொத்த அமைப்பும் ஒரு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், டேங்கில் நிற்பது ஏறத்தாழ 300 மி.லி. சிரிஞ்சால் டேங்கில் உள்ளதை மட்டும் உறிஞ்சி, புதிது ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி உறிஞ்சும் முறை ஒன்று உண்டு. முதல் தடவை 30 சதவீதம் புதிதாகும். இரண்டாவதில் 51, மூன்றாவதில் 66, ஐந்தாவதில் 83. அதாவது ஒன்றரை லிட்டர் செலவழித்தும் ஆறில் ஒரு பங்கு பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். ஆனால் இந்த முறையில் ஹோஸ் எதையும் கழற்றுவதில்லை, ஏர் புக வழியில்லை, கெட்டுப்போக எதுவுமில்லை. ஆயில் பழுப்பாகியிருக்கிறது, வேறு குறையில்லை என்ற வண்டிக்கு இதையே பரிந்துரைப்போம். ஆயில் கறுத்து, கருகல் வாசனை வந்தால் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி முழுதாக வெளியேற்றும் முறைதான் சரி. அதற்கு 2 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டிஷ்யூ தாளில் விடுங்கள். இளஞ்சிவப்பாகப் பரவினால் ஆயில் நன்றாகவே இருக்கிறது. நடுவில் கறுப்புத் துகள்கள் நின்றால் ஹோஸின் உட்புற ரப்பர் உதிர்கிறது. வெயிலில் காட்டும்போது மினுமினுத்தால் அது பம்பின் உலோகம், ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. அதுபோலவே, ஒரு பக்கம் திருப்பினால் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தால் கோளாறு ராக்கின் வால்விலோ சீலிலோ இருக்கும். சத்தமே இல்லாமல் இரு பக்கமும் கனத்தால் முதலில் பெல்ட்டின் இறுக்கத்தையும் டயர் காற்றையும் பாருங்கள். அதன் பிறகு ஆயில் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

சிரிஞ்சுக்கு ஆட்டோமொபைல் கடைக்குப் போக வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப்பில் குழாய் வழியாக உணவு கொடுக்கப் பயன்படும் 50 மி.லி. சிரிஞ்ச் கிடைக்கும். முனை அகலமாக இருப்பதால் டியூப் நேராகப் பொருந்தும். ஒரு குறை உண்டு. அதன் ரப்பர் பிஸ்டன் மினரல் ஆயிலில் ஊறி உப்பும், ஒரு வேலை முடிவதற்குள் இழுக்கவே கை வலிக்கும். இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் எறிந்துவிடலாம். ஆன்லைனில் கிடைக்கும் 200 மி.லி. ஆயில் உறிஞ்சும் கன் நன்றாக உழைக்கும். மூன்று நான்கு வண்டிகளைப் பராமரிப்பவர்களுக்குத்தான் அது தகும்.

இனி ஏர் எடுக்கும் வேலை. இதற்குப் பொறுமை மட்டும் இருந்தால் போதும், விலையுயர்ந்த கருவி எதுவும் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டி பக்கவாட்டில் அசையும். டேங்கின் அடியிலும் பெல்ட்டின் மேலும் பழைய துணியைச் சுற்றி வையுங்கள். பெல்ட்டில் ஆயில் பட்டால் வழுக்கிக் கத்தும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது அதன் மேல் சிந்தினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே என்ஜின் ஆறிய பிறகே தொடங்குங்கள்.

டேங்கில் இரண்டு ஹோஸ் இருக்கும். தடித்தது பம்புக்குப் போகிற உறிஞ்சும் ஹோஸ், மெல்லியது ராக்கிலிருந்து திரும்பி வருகிற ரிட்டர்ன். இரு முனையிலும் இரும்பு நட்டு போட்டிருப்பது ஹை பிரஷர் ஹோஸ், அதைத் தொடவே கூடாது. டேங்கைச் சிரிஞ்சால் காலி செய்து, ரிட்டர்ன் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, டேங்கில் அந்த மூக்கை ஒரு ரப்பர் மூடியால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். கழற்றிய ஹோஸில் தெளிவான டியூபைச் செருகி, அதன் நுனியை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் ஆயில் ஊற்றி, நுனி அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். வெறுமனே தொங்கவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த வழியாகவே ஏர் உள்ளே இழுக்கப்படும்.

டேங்கைப் புது ஆயிலால் நிரப்புங்கள். என்ஜின் ஆஃபில் இருக்கட்டும், ஸ்டியரிங் லாக் விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்புங்கள். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடது கோடி வரை, பிறகு வலது கோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக 8, 10 வினாடி ஆகட்டும். இன்னொருவர் டேங்கின் மேல் கண்ணாக இருந்து, அளவு இறங்க இறங்க ஊற்ற வேண்டும். டேங்கின் அடி தெரிய விட்டால் அதுவரை செய்த வேலை வீண். டியூபில் வருவது புது ஆயிலின் நிறத்துக்கு மாறும் வரை தொடருங்கள்.

என்ஜினை ஓட்டி வெளியேற்றினால் சீக்கிரம் முடியும் என்று பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஐட்லிங்கிலேயே பம்பு நிமிடத்துக்குச் சில லிட்டர் தள்ளும். 300 மி.லி. டேங்க் சில வினாடியில் காலியாகிவிடும். அதன் பிறகு பம்பு காய்ந்து சுழலும். தகடுகளுக்கு மசகு என்பதே அந்த ஆயில்தான். வீட்டில் இந்த முறை வேண்டாம்.

நிறம் மாறியதும் ரிட்டர்ன் ஹோஸைப் பழையபடி பொருத்தி, கிளிப்பை முன்பு இருந்த தடத்திலேயே இறக்குங்கள். அளவை நிரப்பி, என்ஜின் ஆஃபிலேயே மறுபடியும் இருபது தடவையாவது இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டுவதால்தான் பெரும்பாலான வண்டிகள் பிறகு முனகுகின்றன. கையால் திருப்பும்போது உள்ளே இருக்கும் ஏர் பெரிய குமிழாகவே நகர்ந்து வந்து டேங்கில் உடைகிறது. அதே ஏர் பம்பில் சிக்கினால் தகடுகள் அதை அடித்து, பால் போன்ற நுரையாக்கிவிடும். நுரை ஆன பிறகு அது அடங்க மணிக்கணக்கில் ஆகும். குமிழ் வருவது நின்ற பிறகே சாவியைத் தொடுங்கள்.

வண்டியை இறக்கி என்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள், ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். இரு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் 2, 3 வினாடி மட்டும் நிறுத்துங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்கும்போது பம்பு தன் முழு அழுத்தத்தையும் கொடுக்கிறது, ஆயில் வேகமாகச் சூடேறும். 5 வினாடிக்கு மேல் பிடிப்பது பம்புக்கு நல்லதல்ல. நுரை தெரிந்தால் உடனே ஆஃப் செய்து, மூடியைத் தளர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மீண்டும் என்ஜின் ஆஃப் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

ஏர் முழுதும் போய்விட்டதா என்று அறிய டொயோட்டாவின் சர்வீஸ் முறையில் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. மற்ற வண்டிகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது டேங்கில் ஆயில் நிற்கும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, என்ஜினை ஆஃப் செய்யுங்கள். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் உள்ளே இன்னும் ஏர் இருக்கிறது. ஆயில் அழுத்தத்தில் சுருங்காது, ஏர் சுருங்கும். பம்பு நின்றதும் சுருங்கியிருந்த ஏர் விரிந்து, ஆயிலை மேலே தள்ளுகிறது. காதால் சத்தம் கேட்டு முடிவு செய்வதைவிட இது பல மடங்கு நம்பகமானது, செலவும் இல்லை.

மட்டம் பார்க்கும்போது டேங்கில் உள்ள இரண்டு கோடுகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆறிய கோடு 10 முதல் 30 டிகிரி ஆயிலுக்கு, ஏறத்தாழ 5 மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டிக்கு. சூட்டுக் கோடு 60 முதல் 80 டிகிரிக்கு, அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் ஓடி வந்த வண்டிக்கு. சென்னை வெயிலில் நிற்கும் வண்டியில் பகல் 2 மணிக்கு ஆறிய கோட்டைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. விடிகாலையில் பாருங்கள். அதிகமாக ஊற்றினால் சூடேறியதும் மூடி வழியாக வழியும்.

இத்தனையும் செய்தும் முனகல் நிற்கவில்லையா? அப்போதுதான் வாக்குவம் பம்பு தேவை. டேங்கின் வாய்க்குப் பொருந்தும், நடுவில் துளையிட்ட ரப்பர் கார்க்கோடு அதை இணைத்து, என்ஜின் ஆஃபில் 20 இன்ச் பாதரச அளவுக்கு இழுத்து 5 நிமிடம் பிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டிருக்கும் நுண்குமிழ்கள் விரிந்து பெரிதாகி மேலே வரும். டேங்கில் ஆயிலைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நுரை வாக்குவம் பம்புக்குள் ஏறிவிடும். நடுவில் ஒரு சிறு ஜாடி வைத்து வரும் செட்டாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. முள் கீழிறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஏர் நுழைகிறது. முதலில் கார்க்கைச் சந்தேகப்படுங்கள், பிறகு உறிஞ்சும் ஹோஸின் கிளிப், அதன் பம்பு முனையில் உள்ள ஓ-ரிங், கடைசியாகப் பம்பு ஷாஃப்ட்டின் ஆயில் சீல். இந்தப் பக்கம் ஆயில் வெளியே சொட்டாமலே ஏர் உள்ளே போகும். தரையில் கறை இல்லை, ஆகவே லீக் இல்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. கருவிக்குக் காசு கொடுக்கும் முன் அந்த ஓ-ரிங்கையும் இரண்டு கிளிப்பையும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். வாக்குவம் பம்பு வாங்கினால் பிரேக் ஏர் எடுக்கவும் பயன்படும், ஆனால் அதற்கு வேறு டியூபும் ஜாடியும் கட்டாயம்.

லீக் நிறுத்தும் மருந்தை ஏன் வேண்டாம் என்கிறோம்? அதில் இருப்பது ரப்பரை உப்ப வைக்கும் ரசாயனமும் கெட்டியான ஆயிலும். வயதாகி இறுகிய சீலில் மெல்லக் கசிவதைச் சில மாதம் தள்ளிப்போடும், அது உண்மை. கிழிந்த சீலுக்கும், கிரிம்ப் செய்த (இரும்பு முனையோடு நசுக்கி இணைத்த) இடத்தில் ஊறும் ஹோஸுக்கும், உறிஞ்சும் பக்கத்து ஏருக்கும் அது எதுவும் செய்யாது. நல்ல நிலையில் இருக்கிற சீல்களும் சேர்ந்தே உப்புகின்றன என்பதுதான் எங்கள் கவலை. கசியும் ரிட்டர்ன் ஹோஸை மாற்ற ஆகும் செலவு சிறியது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மீட்டர் கணக்கில் ஹோஸ் கிடைக்கும். ஆயில் தாங்கும் ரகம் என்று ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் சில வாரத்தில் ஊறி உப்பிவிடும்.

வீட்டில் ஸ்டாண்டோ சமதளமோ இல்லாதவர்கள் வொர்க்ஷாப்பில் விடுவதே நல்லது. விடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தர ஆயில், எத்தனை லிட்டர், ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றுவீர்களா. பில்லில் அரை லிட்டர் மட்டும் போட்டு ஃபுல் ஃப்ளஷ் என்று எழுதியிருந்தால் டேங்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதற்கான கூலியை மட்டும் கொடுங்கள். காலியான ஆயில் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நம் உரிமை.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடிய பின் காலையில் மட்டத்தை மீண்டும் பார்த்து, குறைந்திருந்தால் அதே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். கிளிப் இருக்கும் இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து ஈரம் படிகிறதா என்று பாருங்கள். மீதி ஆயிலை மூடி இறுக்கி, தரத்தின் பெயரையும் திறந்த தேதியையும் டப்பாவின் மேல் எழுதி வையுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் சேர்க்கும் டிரம் வைத்திருக்கிற ஏதாவது ஒரு வொர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.